சி கிளாஸிலிருந்து பி கிளாஸுக்கு: யு.எஸ்.பி.எஸ்.ஏ. தரவரிசையில் மேலே போவது எப்படி

கேள்வி இது: "அமெரிக்காவில் யு.எஸ்.பி.எஸ்.ஏ. துப்பாக்கி சுடும் போட்டிகளில் ஒரு வருடமாகக் கலந்துகொள்கிறேன். துப்பாக்கி வகையை வைத்துப் பிரிக்கும் டிவிஷன்களில் ஒன்றான புரொடக்ஷனில் சி கிளாஸில் இருக்கிறேன். சராசரி 59.5 சதவீதம். கிட்டத்தட்ட என் மதிப்பெண்களையே எடுத்த நண்பர் பி கிளாஸுக்குப் போய்விட்டார். எனக்கு மட்டும் ஏன் ஏறவில்லை? எதைப் பயிற்சி செய்தால் ஏறும்? ஒரு மோசமான நாள் வந்தால் கீழே இறக்கிவிடுவார்களா? சிவப்புப் புள்ளிச் சைட் பொருத்திய துப்பாக்கிகளுக்கான கேரி ஆப்டிக்ஸ் டிவிஷனுக்கு மாறலாமா?"

உங்கள் சுடும் திறமையைப் பார்க்கும் முன் கணக்கைப் பார்த்துவிடலாம். 59.5-இல் நிற்பவருக்கும் பி கிளாஸுக்குத் தேவையான 60-ஐத் தாண்டியவருக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் எதுவும் இருக்காது. வித்தியாசம் பெரும்பாலும் எந்த மதிப்பெண் எந்த வரிசையில் வந்தது என்பதில்தான் இருக்கும். எப்படி என்று சொல்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஹோல்ஸ்டரிலிருந்து துப்பாக்கியை எடுத்து, நகர்ந்து, பல டார்கெட்டுகளை வேகமாகவும் சரியாகவும் சுடும் 'பிராக்டிகல் ஷூட்டிங்' என்ற விளையாட்டுக்கு 1976-இல் மிசூரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் உலக அமைப்பு ஒன்று உருவானது. அதுதான் ஐ.பி.எஸ்.சி. முன்னாள் மரைன் அதிகாரியான ஜெஃப் கூப்பர் அதன் முதல் தலைவர். அதன் அமெரிக்கக் கிளையாக 1984-இல் அமைந்தது யு.எஸ்.பி.எஸ்.ஏ. துல்லியம், தோட்டாவின் பலம், வேகம் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் இந்த விளையாட்டின் கொள்கை. மதிப்பெண் முறையும் அதிலிருந்தே பிறந்தது.

நீங்கள் எடுத்த புள்ளிகளை, எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுத்தால் வருவது ஹிட் ஃபாக்டர். டார்கெட்டின் நடுப்பகுதியான ஆல்ஃபாவில் பட்டால் 5 புள்ளி. அதைச் சுற்றியுள்ள சார்லி, டெல்டா பகுதிகளுக்குக் குறைந்த புள்ளி. புரொடக்ஷனில் எல்லோருக்கும் பலம் குறைந்த தோட்டாவுக்கான 'மைனர்' கணக்குதான் என்பதால் உங்களுக்குச் சார்லி 3, டெல்டா 1. குண்டு டார்கெட்டைத் தவறவிட்டால் அது 'மைக்'. அந்தக் குண்டுக்குப் புள்ளி கிடைக்காது என்பதோடு, எடுத்ததிலிருந்தும் 10 கழியும்.

கிளப் போட்டிகளில் பெரும்பாலான ஸ்டேஜ்களை, அதாவது சுடும் சுற்றுகளை, அந்த ஊர்க்காரர்களே வடிவமைப்பார்கள். கூடவே கிளாசிஃபையர் என்ற ஸ்டேஜ் ஒன்றும் இருக்கும். அது நாடு முழுக்க ஒரே அளவு, ஒரே தூரம், ஒரே விதி. டெக்சஸில் சுட்டாலும் ஓஹையோவில் சுட்டாலும் டார்கெட்டுகள் அதே இடத்தில்தான் நிற்கும். ஒவ்வொரு கிளாசிஃபையருக்கும், ஒவ்வொரு டிவிஷனுக்கும் தலைமையகம் ஒரு உச்ச ஹிட் ஃபாக்டரை நிர்ணயித்து வைத்திருக்கிறது. முன்னணியில் இருப்பவர்கள் எட்டிய அளவை ஒட்டி அமைவது அது. உங்கள் ஹிட் ஃபாக்டர் அதில் எத்தனை சதவீதம் என்பதுதான் உங்கள் மதிப்பெண். அன்றைக்கு உங்களோடு சுட்டவர்கள் எப்படிச் சுட்டார்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. போட்டியில் கடைசியாக வந்தவர்கூட அன்றைக்கே நல்ல கிளாசிஃபையர் மதிப்பெண் எடுத்திருக்கலாம்.

40 சதவீதத்துக்குக் கீழே டி. 40-லிருந்து சி. 60-லிருந்து பி. 75-லிருந்து ஏ. 85-லிருந்து மாஸ்டர். 95-லிருந்து கிராண்ட்மாஸ்டர், பேச்சுவழக்கில் ஜி.எம். முதல் கிளாஸ் கிடைக்கக் குறைந்தது 4 மதிப்பெண்கள் வேண்டும். மதிப்பெண் பதிவாக நீங்கள் உறுப்பினராகவும் இருக்க வேண்டும். போதிய மதிப்பெண்கள் சேர்ந்த பிறகு, கடைசி 8-இல் சிறந்த 6-இன் சராசரிதான் உங்கள் சதவீதம். உங்கள் சிக்கலுக்கான விடை இந்த விதிக்குள்தான் இருக்கிறது.

உங்கள் மதிப்பெண்கள் என்னிடம் இல்லை. 59.5 வரும்படி நானே எட்டு எண்களைப் போட்டுக் காட்டுகிறேன். பழையதிலிருந்து புதியதாக: 52, 58, 61, 41, 63, 57, 66, 49. இதில் மிகக் குறைந்த இரண்டான 41-உம் 49-உம் போய்விடும். மீதி ஆறின் கூட்டுத்தொகை 357. ஆறால் வகுத்தால் 59.5. அடுத்த போட்டியில் 64 எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். புதிய மதிப்பெண் உள்ளே வரும்போது மிகப் பழைய மதிப்பெண் வெளியே போகும். இங்கே போவது 52. இப்போது சிறந்த ஆறு 66, 64, 63, 61, 58, 57. கூட்டுத்தொகை 369, சராசரி 61.5. பி கிளாஸ் வந்துவிட்டது.

இப்போது அதே எட்டு எண்களில் 66-ஐ மட்டும் முதலில் வைத்துப் பாருங்கள். அதாவது அந்த நல்ல மதிப்பெண்ணை வருடத் தொடக்கத்திலேயே எடுத்துவிட்டீர்கள். இப்போதும் சராசரி 59.5-தான். அதே 64-ஐ எடுக்கிறீர்கள். ஆனால் வெளியே போவது 66. சிறந்த ஆறு 64, 63, 61, 58, 57, 52. கூட்டுத்தொகை 355, சராசரி 59.2 கூட இல்லை. நல்ல மதிப்பெண் எடுத்தும் சதவீதம் இறங்கிவிட்டது!

உங்களுக்கும் நண்பருக்கும் நடந்தது அநேகமாக இதுதான். அதனால் இன்றைக்கே உங்கள் பதிவைத் திறந்து, கடைசி எட்டில் மிகப் பழையது எது என்று பாருங்கள். அது உங்கள் குறைந்த மதிப்பெண்களில் ஒன்று என்றால் அடுத்த ஒரு நல்ல ஸ்டேஜே போதும். அது உங்கள் சிறந்த மதிப்பெண் என்றால் இரண்டு மூன்று போட்டிகள் பொறுக்க வேண்டியிருக்கும். அதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டால் மனம் சோராது. இந்தக் கணக்கு தெரியாமல், நன்றாக முன்னேறிக்கொண்டிருக்கும்போதே தன் டெக்னிக்கை மாற்றி, துப்பாக்கியை மாற்றி, குழம்பிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

சரி, எதைப் பயிற்சி செய்வது? எல் பிரெசிடென்ட்டே என்ற புகழ்பெற்ற கிளாசிஃபையரை வைத்துச் சொல்கிறேன். கூப்பர் உருவாக்கியது. லத்தீன் அமெரிக்க நாடு ஒன்றில் அதிபரின் பாதுகாவலர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது பிறந்ததால் இந்தப் பெயர் என்பார்கள். 10 கெஜத்தில் மூன்று டார்கெட்டுகள். அவற்றுக்கு முதுகு காட்டி, கைகளைத் தூக்கி நிற்க வேண்டும். பஸர் அடித்ததும் திரும்பி, துப்பாக்கியை எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு குண்டு. தோட்டாக்கள் அடங்கிய மேகசினை மாற்றி, மறுபடி ஒவ்வொன்றிலும் இரண்டு. மொத்தம் 12 குண்டு, அதிகபட்சம் 60 புள்ளி. கூப்பர் காலத்தில் 10 விநாடிக்குள் முடிப்பது நல்ல சுடுநருக்கு அடையாளம். இன்றைய ஜி.எம்.கள் சுமார் 5 விநாடியில் முடித்துவிடுகிறார்கள்.

கணக்குக்காக உச்ச ஹிட் ஃபாக்டரை 12 என்று வைத்துக்கொள்கிறேன். உண்மையான எண் டிவிஷனுக்கு டிவிஷன் மாறும், தலைமையகமும் அவ்வப்போது திருத்தும். 12 என்றால், எல்லாக் குண்டும் ஆல்ஃபாவில் பட்ட நிலையில் பி கிளாஸுக்கு 8.33 விநாடி போதும். ஏ கிளாஸுக்கு 6.67. ஜி.எம். ஆக 5.26.

இனி ஒரு சி கிளாஸ் சுடுநர் நேரத்தை எங்கே செலவழிக்கிறார் என்று பாருங்கள். திரும்பி, எடுத்து, முதல் குண்டு வெளியேற 2.2 விநாடி. மேகசின் மாற்ற 2.6. ஒரே டார்கெட்டில் முதல் குண்டுக்கும் இரண்டாவது குண்டுக்கும் இடையே 0.35, அப்படி ஆறு முறை. ஒரு டார்கெட்டிலிருந்து அடுத்ததற்குத் துப்பாக்கியைக் கொண்டுபோக 0.6, அப்படி நான்கு முறை. எல்லாம் சேர்ந்து 9.3 விநாடி.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்களுக்குத் தோன்றுவது 'இன்னும் வேகமாக விசையை அழுத்த வேண்டும்' என்பதுதான். அப்படியே 0.35-ஐ 0.25 ஆக்கினாலும் மிச்சமாவது 0.6 விநாடி. 8.7-இல் நிற்பீர்கள். எல்லாமே ஆல்ஃபா என்றாலும் 57.5 சதவீதம்தான். நடைமுறையில் அந்த வேகத்தில் ஆல்ஃபாக்கள் சார்லிகளாக மாறத் தொடங்கிவிடும், கிடைத்ததும் கரைந்துவிடும்.

இப்போது விசை அழுத்தும் வேகத்தைத் தொடவே வேண்டாம். மேகசின் மாற்றுவதை 2.0-க்குக் கொண்டுவாருங்கள். துப்பாக்கியை எடுப்பதை 2.0 ஆக்குங்கள். டார்கெட் மாறும் நேரத்தில் ஒவ்வொன்றுக்கும் 0.05 மட்டும் குறையுங்கள். மொத்தம் 8.3. பி கிளாஸ். ஒரு குண்டைக்கூட முன்பைவிட அவசரமாகச் சுடவில்லை என்பதைக் கவனியுங்கள். பி கிளாஸுக்கு வழி, சுடாமல் இருக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் என்பது என் உறுதியான கருத்து.

இதில் இன்னொரு நன்மை, துப்பாக்கியை எடுப்பது, மேகசின் மாற்றுவது, கண்ணை அடுத்த டார்கெட்டுக்குக் கொண்டுபோவது எல்லாமே வீட்டில் டிரை ஃபயரில், அதாவது தோட்டா இல்லாத துப்பாக்கியோடு, பழகக்கூடியவை. தோட்டா செலவே இல்லை. ஆனால் ஒரு விதியில் தயவுசெய்து சமரசம் செய்யாதீர்கள்: பயிற்சி நடக்கும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக்கூடாது. துப்பாக்கியையும் எல்லா மேகசின்களையும் வேறு அறையில் காலி செய்து, திரும்பத் திரும்பப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். ஆட்கள் இல்லாத பக்கமாக, குண்டைத் தாங்கும் சுவரை நோக்கியே குறிபார்க்க வேண்டும். முடிந்ததும் 'இன்னும் ஒரே ஒரு முறை' என்று மறுபடி எடுக்கக்கூடாது.

ஒரு குறை சொல்லிவிட வேண்டும். மேலே போட்ட 8.3 விநாடிக் கணக்கு எல்லாக் குண்டும் ஆல்ஃபா என்று வைத்துப் போட்டது. இரண்டு சார்லி வந்தால் 56 புள்ளி, 56 சதவீதம். மறுபடி சி. ஒரு மைக் வந்தாலோ, 55 புள்ளியிலிருந்து 10 கழிந்து 45. அதே 8.3 விநாடிக்கு 45 சதவீதம்தான். ஒரே ஒரு குண்டில் 15 சதவீதம் போய்விடுகிறது. வேகத்தில் அந்த 15-ஐ ஈடுகட்ட வேண்டுமென்றால் 6.2 விநாடிக்கு வர வேண்டும். அது ஏ கிளாஸுக்குத் தேவையான 6.67-ஐயும் தாண்டிய வேகம். அதனால் உங்கள் நிலையில் ஒரு கிளாசிஃபையரை முடித்த பிறகு பார்க்க வேண்டிய முதல் விஷயம் எத்தனை மைக் என்பதுதான். அதற்கு அப்புறம் பார்த்தால் போதும் நேரத்தை.

பல கிளாசிஃபையர்களில் 'வர்ஜீனியா கவுன்ட்' விதி உண்டு. சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஒரு குண்டு சுட்டாலும் தண்டப்புள்ளி. மைக் என்று சந்தேகம் வந்தால் கூட ஒன்று சுட்டுச் சரிசெய்துகொள்ளும் பழக்கம் அங்கே உதவாது. ஸ்டேஜ் குறிப்பைப் படிக்கும்போதே எந்தக் கணக்கு முறை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதே மாதிரி, ஒற்றைக் கையால் சுட வேண்டிய கிளாசிஃபையர்கள் இருக்கின்றன. வலக்கைக்காரர் இடக்கையால் மட்டும் சுட வேண்டியவையும் உண்டு. பெரும்பாலோர் இதைப் பயிற்சியே செய்வதில்லை. மாதம் ஒரு முறையாவது செய்பவருக்கு அங்கே சுலபமாக மதிப்பெண் கிடைக்கும்.

அடுத்து, மோசமான நாளைப் பற்றிய பயம். கிளாஸ் தானாகக் கீழே இறங்காது. பி-க்குப் போன பிறகு உங்கள் நடப்பு சதவீதம் 55-க்கு வந்தாலும் நீங்கள் பி-தான். காயம், வயது போன்ற காரணங்களால் கீழே இறங்க விரும்புபவர் தலைமையகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். இப்படி வைத்ததற்குக் காரணம் உண்டு. பெரிய போட்டிகளில் ஒவ்வொரு கிளாஸுக்கும் தனித்தனிப் பரிசு இருக்கிறது. வேண்டுமென்றே மெதுவாகச் சுட்டு, கீழ்க் கிளாஸுக்கு இறங்கி, அங்கே பரிசைத் தட்டிச் செல்பவரைத் தடுக்கத்தான் ஏறுபாதையை மட்டும் திறந்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இதே விதி எதிர்ப்பக்கம் ஒரு ஆசையைத் தூண்டுகிறது. எட்டில் இரண்டு மோசமான மதிப்பெண் கணக்கில் வராது, கிளாஸும் இறங்காது. அப்படியானால் ஒவ்வொரு கிளாசிஃபையரிலும் தலைதெறிக்கும் வேகத்தில் சுட்டுப் பார்த்து, நன்றாக அமைந்ததை மட்டும் சேர்த்துக்கொண்டே ஏறலாமே? ஏறலாம். சிலர் ஏறியும் இருக்கிறார்கள். கிளாசிஃபையர்களையே தனியாக மனப்பாடம் செய்து உச்சத்துக்குப் போய், பெரிய போட்டியில் மாஸ்டர்களுக்குப் பின்னால் முடிப்பவரைச் சுடுநர்கள் 'பேப்பர் ஜி.எம்.' என்பார்கள். அந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கிளாசிஃபையர் என்பது பெரும்பாலும் நின்ற இடத்திலேயே சுடுவது. உண்மையான போட்டியில் பாதி வேலை ஓடுவதும், எங்கே நின்று எதைச் சுடுவது என்று திட்டமிடுவதும். அவசரத்தில் வாங்கிய கிளாஸோடு அடுத்த வருடம் முழுக்க தன்னைவிட மிகவும் வலிமையானவர்களோடு மோத வேண்டியிருக்கும், அதை விட்டுச் சுலபமாக இறங்கவும் முடியாது.

மற்ற சுடுதல் போட்டிகள் இதை வேறு விதமாகத் தீர்த்திருக்கின்றன. அமெரிக்காவின் என்.ஆர்.ஏ. நடத்தும் புல்ஸ்ஐ பிஸ்டல் போட்டியில் 270 குண்டு, முழு மதிப்பெண் 2700. அங்கே அளவுகோல் உச்ச வீரரின் வேகம் அல்ல, முழு மதிப்பெண்தான். 90 சதவீதம் எடுத்தால் எக்ஸ்பர்ட், 95-க்கு மாஸ்டர், 97-க்கு ஹை மாஸ்டர். அதாவது 2565 எடுத்தால் மாஸ்டர் தரம். 2600-ஐத் தாண்டுவது அங்கே பெரிய கௌரவம். ஒரே இடத்தில் நின்று துல்லியமாகச் சுடும் அந்தப் போட்டியில் அதிர்ஷ்டத்தால் 2600 வராது. பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ஸ்போர்ட்டிங் கிளேஸ் போட்டியில் சதவீதமே கிடையாது. உங்கள் கிளாஸில் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், அதில் நீங்கள் எத்தனையாவது இடம் என்பதை வைத்து 'பஞ்ச்' எனும் புள்ளி கிடைக்கும். போதிய பஞ்ச் சேர்ந்தால் அடுத்த கிளாஸ். அங்கே பக்கத்தில் நிற்பவரை ஜெயித்தால்தான் ஏற முடியும். என்னைக் கேட்டால் மூன்றிலும் போட்டித் திறமைக்கு மிக நெருக்கமானது இந்தக் கடைசி முறைதான். ஆனால் ஆட்கள் குறைவாக வரும் ஊரில் இருப்பவருக்கு அது அநியாயம். தனியாக ஒரு சின்ன கிளப்பில் சுடுபவரும் நாட்டின் உச்சத்தோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்க முடிவது யு.எஸ்.பி.எஸ்.ஏ. முறையின் பெரிய பலம்.

இந்தியாவில் சுடுபவர்கள் இதையே எதிர்பார்த்துக் கேட்பதால் ஒரு வார்த்தை. அங்கே ஒலிம்பிக் வகைப் போட்டிகளில் இந்த மாதிரி எழுத்துக் கிளாஸ்கள் கிடையாது. வயதுப் பிரிவும், அடுத்த கட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்சத் தகுதி மதிப்பெண்ணும்தான் படிகள். தேசியப் போட்டியில் தகுதி மதிப்பெண்ணை எட்டியவர்களுக்குக் கிடைக்கும் 'ரினவுண்ட் ஷாட்' என்ற அந்தஸ்து 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளிலேயே இடம்பெற்றிருக்கிறது.

கடைசியாக, கேரி ஆப்டிக்ஸ். கிளாஸ் ஒவ்வொரு டிவிஷனுக்கும் தனி. மதிப்பெண் வரலாறும் தனி. மாறினால் அங்கே புதிதாக மதிப்பெண் சேர்க்கத் தொடங்க வேண்டும். ஆனால் முழுக்கப் புது ஆளாகவும் முடியாது: உங்கள் மிக உயர்ந்த கிளாஸுக்கு ஒரு படிக்கு மேல் கீழே எந்த டிவிஷனிலும் நீங்கள் இருக்க முடியாது. ஒரு டிவிஷனில் ஜி.எம். என்றால் மற்ற எல்லாவற்றிலும் குறைந்தது மாஸ்டர். புரொடக்ஷனில் பி வந்தால் கேரி ஆப்டிக்ஸில் குறைந்தது சி. சிவப்புப் புள்ளிச் சைட் தூர டார்கெட்டுகளில் நிச்சயம் உதவும், வயதானால் கண்ணுக்கும் நல்லது. ஆனால் அதே உதவி எல்லோருக்கும் கிடைப்பதால் அங்கே உச்ச ஹிட் ஃபாக்டரும் அதற்கேற்பத்தான் இருக்கும். துப்பாக்கியை மாற்றியதால் மட்டும் சதவீதம் ஏறாது.

59.5-இல் நிற்கும்போது மாற வேண்டாம் என்பதுதான் என் யோசனை. இன்னும் இரண்டு மூன்று போட்டிகள் அதே துப்பாக்கியோடு சுடுங்கள். மேகசின் மாற்றுவதை மட்டும் தினமும் பத்து நிமிடம் வீட்டில் பழகுங்கள். பி வந்த பிறகு, கேரி ஆப்டிக்ஸ் பிடித்திருந்தால் போங்கள். அடுத்த கிளாசிஃபையர் முடிந்ததும் கடைசி எட்டு மதிப்பெண்களையும் வரிசையாக எழுதி அனுப்புங்கள், எது எப்போது வெளியே போகும் என்று சேர்ந்தே பார்க்கலாம்.